சோலார் செல்லுக்கும் ஒரு சிட்டிகை 'ஜிப்சம்' தேவை!

மதுக்கரை என்றாலே சிமென்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். கிளிங்கரை மட்டும் அரைத்துத் தண்ணீர் ஊற்றினால், கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் இறுகிவிடும். அதனால் அரைக்கும்போதே கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பார்கள். நூற்றுக்குச் சுமார் ஐந்து பங்குதான். அது இல்லாவிட்டால் சிமென்ட் வேலைக்கு ஆகாது.

பெரோவ்ஸ்கைட் சோலார் செல் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 2009-ல் ஜப்பானின் மியாசகா குழு செய்த செல், வெயிலில் 3.8 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகத்தில் 26 சதவீதத்தைத் தாண்டியாச்சு. சிலிக்கான் மேல் அடுக்கினால் 34-க்கும் மேல்!

இந்தப் பாய்ச்சலுக்குச் சேர்மங்கள் ஒரு முக்கியக் காரணம். பெரோவ்ஸ்கைட்டை மை போலப் பூசிச் சூடாக்கினால் நிமிடங்களில் படிகமாகிவிடும். அந்த அவசரத்தில் அங்கங்கே அயோடின் விட்டுப்போகும்; ஈய அணுக்கள் துணையில்லாமல் நிற்கும். ஓடிவரும் எலக்ட்ரான் அந்தப் பள்ளங்களில் விழுந்து வீணாகிறது. படிகங்களுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாக ஈரமும் நுழையும்.

மெத்தில் அமோனியம் குளோரைடு கொஞ்சம் சேர்த்தால் படிகங்கள் பெரிதாக வளரும், இடுக்குகள் குறையும். தயோயூரியா மாதிரியானவை ஈய அணுவைப் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் அயனிகள் நகர்வது அடங்குகிறது என்று கேம்பிரிட்ஜ் குழு 2018-ல் காட்டியது. அளவு மீறினால் அதுவே குறையாகிவிடும் (உப்பு கூடின குழம்பு மாதிரி).

சரி, இதில் என்ன சிக்கல்? புதுச் சேர்மம் வந்தால் 'எத்தனை சதவீதம்' என்பதுதான் தலைப்புச் செய்தி. தறிக்கூடத்துக்குக் கடன் வாங்கி பேனல் போடுபவர் கேட்கும் கேள்வியோ வேறு: "ஏனுங்க, எத்தன வருசம் தாங்கும்?" சிலிக்கான் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரச் சோதனையையும் அது கடந்து வருகிறது. பெரோவ்ஸ்கைட்டில் தண்ணீரில் கரையும் ஈயம் இருப்பதால், கண்ணாடி விரிசல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியும் நிற்கிறது.

மும்பை ஐஐடி உட்பட இந்திய ஆய்வகங்கள் இதில் தீவிரமாக இருக்கின்றன. அவர்களுக்கான அரசுப் பணத்தில் ஒரு பங்கு, ஆய்வகத்துக்கு வெளியே, மொட்டை மாடிச் சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு மதுக்கரை நல்ல இடம்: ஏப்ரலில் வெயில் கொளுத்தும், ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காற்று அடிக்கும், ஆண்டு முழுக்கத் தூசி. அந்த முடிவுகள் வரும்வரை, பேனல் போட நினைப்பவர் காத்திருக்க வேண்டாம். சிலிக்கானே போதும்.