தொப்பூர் உயர்மட்டச் சாலை: எந்தப் பாலம் கட்டப்போறோம்?

பெங்களூருவிலிருந்து சேலம் பக்கம் காரில் வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2020 டிசம்பரில், நின்றிருந்த வாகனங்கள் மீது சிமென்ட் லாரி மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரிகள் மோதியதில் மறுபடியும் 4 பேர். அப்போது ஒரு லாரி பாலத்திலிருந்தே கீழே விழுந்தது.

இங்கே உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் கையில் எடுக்கப்பட்டிருக்கிறது. நல்லது. ஆனால் மலைச்சரிவில், வளைவில் எந்த மாதிரிப் பாலம் கட்டுவது? எஃகு கர்டரும் கான்கிரீட் ஸ்லாபும் சேர்ந்த கூட்டுப் பாலம்தான் சரி என்பது என் கட்சி.

கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும். இழுத்தால் அந்த வலிமையில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். இழுவிசைக்கு எஃகு. அதனால் அழுத்தம் வரும் மேல்பக்கம் கான்கிரீட், இழுவிசை வரும் கீழ்ப்பக்கம் எஃகு. சும்மா ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மட்டும் போதாது. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை அடுக்கி நடுவில் ஏறி நில்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நன்றாக வளையும். வழுக்காதபடி இரண்டையும் முழுக்க ஒட்டிவிட்டால் வளைவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். பாலத்தில் இந்த வேலையைச் செய்வது, கர்டரின் தலையில் வரிசையாக வெல்டிங் செய்து ஸ்லாபுக்குள் புதைக்கப்படும் ஸ்டட்கள். பெரிய ஆணி மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

தொப்பூரில் இதன் லாபம் வேறு. போக்குவரத்தை நிறுத்தவே முடியாத ரோடு அது. 40 மீட்டர் நீளக் கான்கிரீட் கர்டர் நூறு டன்னை நெருங்கலாம். அதை முழுசாக வளைவில் கொண்டுவரணும். எஃகு கர்டர் அதில் பாதிகூட வராது. துண்டுகளாக வந்து, போல்ட் போட்டு, இரவில் கிரேனால் ஏற்றிவிடலாம். கீழே சென்ட்ரிங் காடும் வேண்டாம். வளைவில் பாலத்தை முறுக்கும் விசையைத் தாங்க பெட்டி வடிவ எஃகு கர்டரும் இருக்கிறது.

செலவு? கூடத்தான் ஆகும். பக்கத்திலேயே சேலம் இரும்பாலை இருக்கே என்பீர்கள். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பேர்போனது, கர்டர் தகடு பிலாய் மாதிரி இடங்களிலிருந்துதான் வரணும். துரு பிடிக்காமல் பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருக்கணும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத ஊரில் இது நிஜமான ஆட்சேபம்தான்; ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிட வேண்டும்.

பாலத்தை விட எனக்குக் கவலை தருவது அதன் ஓரச்சுவர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐஆர்சி 6 விதிப்படி, வழக்கமான பி-1 வகைத் தடுப்பு சுமார் ஒன்றரை டன் வாகனத்தை, அதாவது ஒரு காரை, தடுத்து நிறுத்தக் கணக்கிடப்பட்டது. ஆபத்தான இடங்களுக்கான பி-3 வகையோ 30 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடிப்பதற்கானது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரி இறங்குகிற ஊர் இது. இங்கே எந்த வகை வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை. அதையும் இப்போதே வரைபடத்தில் சேர்க்கணும். இடியின் வேகம் சுவர் வழியாக ஸ்லாபின் ஓரத்தில்தான் இறங்கும், அங்கே கம்பி கூடுதலாக வேண்டும். கட்டி முடித்த பிறகு சுவரை மட்டும் தடிமனாக்கினால் ஸ்லாப் ஓரம் சுவரோடு சேர்ந்து பிய்ந்துகொண்டு போகும்.