அரைத்தவள் குற்றமா, அம்மியின் குற்றமா?

பழைய கம்ப்யூட்டர்களைப் பற்றிக் கதை எழுதுகிறவன் அபிப்பிராயம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லக்கூடாதுதான். கல்லூரிப் படிப்பைக்கூட முழுசாக முடிக்காதவன் நான். ஆனால் விஷயம் தெரிந்த என் நண்பர் ஒருவர் ஒரு சிறு பத்திரிகையில் எழுதியிருக்கும் கட்டுரையைப் படித்தபிறகு, தெரியாதவனும் இரண்டு வார்த்தை பேசித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

நண்பர் ஜெர்மனியில் பல வருஷம் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். வரும்போது கமடோர் கம்பெனியின் அமிகா 500 என்ற யந்திரத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அது 1987-ல் வெளிவந்தது. அதற்கு மூத்த அமிகா 1985-ல் வந்தபோது அதன் நினைவகம் வெறும் 256 கிலோபைட். அதற்குள் பல புரோகிராம்களை ஒரே சமயத்தில் ஓட்டிக் காட்டியது. ஒரு புரோகிராமின் முறை முடிந்ததும், அது விட்டுக்கொடுக்குமா என்று காத்திராமல், பிராசஸரைப் பறித்து அடுத்ததிடம் கொடுத்துவிடும். (1984-லேயே இங்கிலாந்தில் சிங்க்ளேர் க்யூ.எல். இந்த வித்தையைச் செய்தது. ஆனால் பாவம், அதற்கு டிஸ்க்குக்குப் பதிலாக மைக்ரோடிரைவ் என்று ஒரு நாடாச் சுருளைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.)

நண்பரின் கட்சி இதுதான்: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்தப் பல வேலை வித்தை வெறும் ஆடம்பரம். அமிகாவின் ஒரே பிளாப்பி டிரைவில் இரண்டு கோப்புகளை ஒரே சமயத்தில் பிரதி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் ஆகும் நேரத்தைவிட எத்தனையோ மடங்கு ஆகும். ஆகவே ஒரு சமயத்துக்கு ஒரு வேலை என்று இருந்த கமடோர் 64-தான் யோக்கியமான யந்திரம்.

சோதனை உண்மை. அவர் வீட்டுக் கூடத்தில் என் கண்ணெதிரே செய்தே காட்டினார். மரப்பெட்டிக்குள் எலி அகப்பட்டுக்கொண்ட மாதிரி அந்த டிரைவ் கரகரவென்று அலறியது. சோதனையிலிருந்து அவர் வந்து சேரும் முடிவுதான் தலைகீழ்.

ஏன் அலறுகிறது? அந்த பிளாப்பி நிமிஷத்துக்கு 300 தரம் சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் சேர்ந்து 160 தடங்கள், மொத்தம் 880 கிலோபைட். அமிகா ஒரு தடத்தை முழுசாக ஒரே மூச்சில் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அது கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் ஒரு டிரைவுக்கு ஒரு தடத்தை வைத்துக்கொள்ளத்தான் இடம். ஒரே அம்மியில் ஒருத்தி மிளகாயும் இன்னொருத்தி சந்தனமும் அரைக்க வந்தால் என்ன ஆகும்? மிளகாய் அரைத்தவள் எழுந்ததும் அம்மியைக் கழுவ வேண்டும். சந்தனக்காரி இரண்டு இழுப்பு இழுத்ததும் மறுபடி கழுவ வேண்டும். அரைப்பதைவிடக் கழுவுவதற்கே பொழுது போய்விடும். டிரைவின் தலை ஒரு கோப்புக்கும் இன்னொரு கோப்புக்குமாக ஓடுகிறது. முன்பு படித்து வைத்த தடம் வீணாகிறது. திரும்பி வந்து அதையே மறுபடி படிக்கிறது.

சரி, இதற்காக வீட்டில் இரண்டு பெண்கள் இருப்பதே ஆடம்பரம் என்று எவனாவது எழுதுவானா?

பிராசஸரைப் பங்கு போடலாம். டிஸ்க்கின் தலையைப் பங்கு போட முடியாது. அந்தத் தலை ஊர்ந்து ஊர்ந்து தன் வேலையைப் பார்க்கும்போது நான் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. உலை கொதிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறவனைச் சமையல்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காய் நறுக்குவான், தேங்காய் துருவுவான். அமிகாவில் டிஸ்க்கிலிருந்து எழுத்துக்களை நினைவகத்துக்கு இழுத்துவரத் தனிச் சில்லு இருந்தது. பிராசஸருக்குப் பெரும்பாலும் கை ஓய்வு. ஒரு பக்கம் பிளாப்பி பார்மட் ஆகிக்கொண்டிருக்கும்; மறுபக்கம் நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். டிஸ்க் எவ்வளவுக்கெவ்வளவு மெதுவோ, அவ்வளவுக்கவ்வளவு இந்த வசதி அவசியம். நண்பர் இதைத்தான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவர் யோக்கியர் பட்டம் சூட்டும் கமடோர் 64-க்கு வருவோம். 1982-ல் வந்தது. அதனுடைய 1541 டிரைவ் தனக்கென்று ஒரு பிராசஸரும் 2 கிலோபைட் நினைவகமும் வைத்திருந்தது. அதுவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அப்படியிருந்தும் வினாடிக்குச் சுமார் 400 பைட்தான் அனுப்பும். 40 கிலோபைட் விளையாட்டு ஒன்றை ஏற்ற ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்கு முந்தைய விக்-20 யந்திரத்தில், எழுத்துக்களை வேகமாகத் தள்ளவேண்டிய சில்லில் ஒரு குறை. அதனால் ஒவ்வொரு பிட்டாகப் புரோகிராமே எண்ணி எண்ணிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். கமடோர் 64-ல் சில்லு மாறிவிட்டது. ஆனால் பழைய டிரைவோடு ஒத்துப்போகவேண்டும் என்று பழைய நடையே நிலைத்துவிட்டது. போதாக்குறைக்கு, திரையைக் கவனிக்கும் சில்லு அடிக்கடி பிராசஸரை நிறுத்திவைக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் நிதானமாக்கினார்கள்.

டிரைவே அவ்வளவுதான் என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. 1984-ல் எபிக்ஸ் என்ற வேறு கம்பெனி ‘பாஸ்ட் லோட்’ என்று ஒரு கார்ட்ரிட்ஜ் விற்றது. அதே யந்திரம், அதே டிரைவ், அதே கம்பி. பின்னால் அதைச் சொருகினால் பல மடங்கு வேகம் வந்தது. ஆக, வாங்கினவன் காத்திருந்ததெல்லாம் காத்திருக்கத் தேவையில்லாத நேரம். அதைத் திரும்பப் பெற அவனே இன்னொரு தரம் காசு கொடுத்தான்! இதுதான் யோக்கியம் என்றால் நான் அயோக்கியன் பக்கமே இருந்துவிட்டுப் போகிறேன்.

எனக்கு இதில் ஏன் இத்தனை ஆத்திரம் என்று நண்பர் கேட்டார். சொல்கிறேன். என் முதல் நாவலை 1998-ல் ஒரு டி.டி.பி. சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து நானே தட்டச்சு செய்தேன். அங்கிருந்த யந்திரம் எது, அதற்குள் ஓடிய புரோகிராம் யாருடையது என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஓர் அத்தியாயத்தை பிளாப்பியில் பதியும்போதெல்லாம் எழுத்துப்பலகை மரத்துவிடும். மூளையில் அடுத்த வாக்கியம் தயாராக நிற்கும். திரையில் மணல்கடிகாரம் நிற்கும். சுவர்க்கடிகாரம் மட்டும் நிற்காது. மாலையில் அந்த நிமிஷங்களையும் சேர்த்துத்தான் பில் போட்டார் கடைக்காரர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். யந்திரம் செய்தவன் கணக்கில் என் நேரத்துக்கு ஒரு விலையும் கிடையாது. கடைக்காரர் கணக்கிலாவது இருபது ரூபாய் இருந்தது.

அமிகாவில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு புரோகிராமின் நினைவகத்தை இன்னொன்று மிதிக்காமல் தடுக்க வேலி கிடையாது. ஒன்று வழுக்கி விழுந்தால் எல்லாரையும் இழுத்துக்கொண்டு விழும். திரையில் சிவப்புக் கட்டத்துக்குள் ‘குரு மெடிட்டேஷன்’ என்று ஒரு வேதாந்தம் தோன்றும். டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் பட்டியல் கேட்டால் அது வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். கேம்பிரிட்ஜில் பிறந்த டிரைபாஸ் என்ற அமைப்பை அவசரமாகத் தழுவி எடுத்ததில் வந்த வினை அது. பெயர்களெல்லாம் ஒரே இடத்தில் இல்லாமல் கோப்புக்கு ஒரு மூலையாகச் சிதறிக் கிடக்கும். தலை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் போய்த் தட்டவேண்டும். கவனியுங்கள், அப்போது ஓடுவது ஒரே ஒரு வேலைதான்.

ஒரே வேலைக்காரன் வேண்டுமென்றால் 1984-ன் மாக்கின்டாஷ் இருக்கிறதே! 128 கிலோபைட் நினைவகம், 400 கிலோபைட் பிளாப்பி, ஒரு டிரைவ். ஒரு டிஸ்க்கை இன்னொன்றில் பிரதி எடுக்க வேண்டுமானால் இதை எடு, அதைப் போடு, அதை எடு, இதைப் போடு என்று அது விரட்டிக்கொண்டே இருக்கும். பல வேலை செய்யத் தெரியாத யந்திரம் தன் உடைமைக்காரனையே வேலைக்கு வைத்துக்கொண்டது.

இவ்வளவையும் போன வாரம் நண்பரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் பதில் பேசாமல் அமிகாவைப் போட்டார். பிளாப்பி டிரைவ் சத்தம் வரவில்லை. என்னவென்று பார்த்தால், பக்கவாட்டில் ஒரு பெட்டியை மாட்டி, அதற்குள் மெமரி கார்டைச் சொருகி ஹார்ட் டிஸ்க்காகப் பழக்கிவைத்திருக்கிறார். ஓடுவதற்குத் தலையே இல்லாத டிஸ்க். திரையில் இரண்டு கோப்புகள் ஒருங்கே பிரதியாகிக்கொண்டிருந்தன. மூன்றாவது சாளரத்தில் அவருடைய அடுத்த கட்டுரை பாதியில் நின்றிருந்தது.

“அப்படியானால் முதல் கட்டுரைக்குத் திருத்தம் போடுவீர்களா?” என்று கேட்டேன்.

காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.