பின்சக்கரத்தைப் பாருங்கள்

நூறு கிலோவைக் கடந்த அன்பர் ஒருவர், "உடல் இளைத்த பிறகே பந்தய சைக்கிள் வாங்குவேன்" என்றார். அந்நாள் வராமலே போகலாம்; இன்றே வாங்கட்டும். ஆனால் வண்டியின் இலேசைக் கண்டு மயங்காமல், முதலில் பின்சக்கரத்தை நோக்கட்டும். உடற்பாரத்தின் பெரும்பகுதியை அதுவே சுமக்கின்றது. நம் பழைய கறுப்பு சைக்கிளில் முன்னே 32, பின்னே 40 கம்பிகள் வைத்தது வீணுக்கா? இன்றைய பந்தய வண்டிகள் சிலவற்றில் 20, 24 கம்பிகளே உள்ளன. கனத்த உடலினருக்குப் பின்சக்கரத்தில் 32 கம்பிகளேனும் இருத்தல் நலம்; கம்பி அறுந்து நடுவழியில் நிற்கும் அவமானம் குறையும். டயரின் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. 32 கிடைத்தால் பள்ளத்தில் ரிம் அடிபடாது தப்பும். வண்டி தாங்கும் எடையைத் தயாரிப்பாளர் பலர் குறிப்பிடுகின்றனர். அக்கணக்கில் வண்டியின் எடையும் பையின் எடையும் அடங்குமா என்று கடைக்காரரைக் கூச்சமின்றிக் கேளுங்கள்.