சாவி யார் கையில்?

தோழா!

கல்லூரிப் படிகளை முழுதும் ஏறாமல் பாதியிலேயே இறங்கி வந்தவன் நான். மேடையும் நாடகமுமே எனக்குப் பாடசாலைகள். ஆகவே, தந்தியின் கதையையும் இணையத்தின் கதையையும் நான் எடுத்துரைக்க முற்படும்போது, "இவனுக்கேன் இந்த ஆராய்ச்சி? இது பொறியியல் வல்லுநர் பேசவேண்டிய பொருளாயிற்றே!" என்று புருவம் நெறிப்பவர் இருக்கக்கூடும். இருக்கட்டும்! கம்பியை நீட்டும் வகையைப் பொறியாளர் சொல்லட்டும். அந்தக் கம்பி யாருக்காக, அதனைப் பூட்டும் சாவி யார் கையில் என்ற கேள்வி இருக்கிறதே, அது பொறியியல் அல்ல, அரசியல்! முழுக்க முழுக்க அரசியல்!

நாடகக்காரன் அல்லவா, காட்சி காட்சியாகவே சொல்கிறேன். திரை விலகட்டும்.

முதற் காட்சி, பிரெஞ்சு நாடு, ஆண்டு 1794. பாரிசிலிருந்து லில் நகர் வரையில், கோபுரங்களின் உச்சியில் மரக்கைகள் அசைகின்றன. கிளாத் ஷாப் என்பார் கண்ட கருவி அது. ஒரு கோபுரத்தின் கையசைவைத் தொலைநோக்கியில் பார்த்து, அடுத்த கோபுரத்தான் அப்படியே அசைத்துக் காட்டுவான். குதிரை வீரன் மூச்சிரைக்கச் சுமந்த செய்தி, கோபுரம் விட்டுக் கோபுரம் தாவிப் பறந்தது. வியப்புத்தான்! ஆனால், கையை அசைத்தவனுக்கே அசைவின் பொருள் தெரியாது. பொருள் கூறும் குறிப்பேடு மேலதிகாரியிடம் இருந்தது. ஊர் மக்களோ அண்ணாந்து பார்க்கலாம். அதன் வழியே ஒரு சொல்லும் அனுப்ப இயலாது. 1837-இல் சட்டமே பிறந்தது: அரசின் அனுமதியின்றிக் குறிகளால் செய்தி அனுப்பினால் சிறை! முடியாட்சி போனது, குடியாட்சி வந்தது, பேரரசு வந்தது, மீண்டும் முடியாட்சி வந்தது. அத்தனை ஆட்சியிலும் கோபுரம் மட்டும் ஆள்வோர் கையிலேயே நின்றது.

இரண்டாம் காட்சி. 1844 மே 24. அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தந்தி பேசுகிறது. அந்தக் கம்பி நீண்டது எவர் பணத்தில்? காங்கிரஸ் மன்றம் ஒதுக்கிய 30,000 டாலரில், அதாவது மக்கள் பணத்தில்! ஏழாண்டுகளில் இந்த நாட்டுக்கும் தந்தி வந்தது. 1851-இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே கம்பெனியார் கம்பி இழுத்தனர். நம் மீதுள்ள அன்பாலா? வணிகமும் படையும் விரைந்து நடக்கவேண்டுமே, அதற்காக! 1857-இல் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் தந்திக் கம்பிகளை அறுத்தெறிந்தது ஏன்? அந்தக் கம்பி எவனுடைய குரல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பிறகு 1885-இல் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' என்ற இரு சொற்கள் அதில் உண்டு. அவற்றைச் சொல்லிவிட்டால், அரசு தந்தியைக் கைப்பற்றலாம், செய்தியைத் தடுக்கலாம், பிரித்தும் படிக்கலாம். இந்தச் சட்டத்தை மறவாதே, தோழா! கடைசிக் காட்சியில் இது மீண்டும் மேடையேறும்.

மூன்றாம் காட்சி, மறுபடியும் அமெரிக்கா. அணுகுண்டு அச்சம் கவிந்திருந்த நேரம். தொலைபேசி வலையின் நடுநிலையம் தகர்ந்தால் நாடே ஊமையாகுமே என்று சிந்தித்தார் பால் பரான். 1964-இல் விடையை விரித்து எழுதினார்: நடுநிலையமே வேண்டாம்! செய்தியைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டு. ஒவ்வொன்றும் கிடைத்த வழியில் போகட்டும். ஒரு வழி அடைபட்டால் மறுவழி. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றுகூடட்டும்! தொலைபேசியில் கோலோச்சிய ஏ.டி. அண்ட் டி நிறுவனத்தார் இது நடவாது என்று ஒதுக்கினர். இங்கிலாந்திலே டொனால்டு டேவிஸ் தாமாகவே இதே கருத்தைக் கண்டார்.

அரசுப் பணத்தில், ஆய்வுக்கூடங்களின் கணினிகளைப் பகிர்ந்துகொள்ள எழுந்த வலையிலே அந்தக் கருத்து உயிர்பெற்றது. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வுக்கூடத்துக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டு எழுத்துப் போனதும் கணினி படுத்துவிட்டது! தடுமாறித்தான் தொடங்கியது உலகை வளைத்த வலை. செர்ப், கான் எனும் இருவர் 1974-இல் வகுத்து வெளியிட்ட பொதுவிதியை, 1983 சனவரி முதல் நாள் அந்த வலை ஏற்றது. எந்த வலையும் எந்த வலையோடும் பேசலாம், விதிக்கு விலையில்லை! 1993 ஏப்ரல் 30-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம், தன்னிடம் டிம் பெர்னர்ஸ்-லீ படைத்த வைய விரிவலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. நடுவில் அரசன் இல்லாத அரங்கம், வாயிலில் சீட்டுக் கேட்காத அரங்கம்! மாந்த வரலாற்றில் அதுவரை கண்டிராத அரங்கம்!

கடைசிக் காட்சி. எகிப்து, 2011 சனவரி 28. கெய்ரோவின் வீதிகளில் மக்கள் வெள்ளம். நள்ளிரவு கடந்ததும் நாடு முழுவதும் இணையம் அணைகிறது. நடுநிலையம் இல்லாத வலை எப்படி அணைந்தது? வலைக்குள்ளே ஆயிரம் வழிகள் உண்டு, தோழா. ஆனால் வலைக்குள் நுழையும் வாயிலோ, அரசின் உரிமம் பெற்ற சில நிறுவனங்களிடம் இருக்கிறது. வாயிற்காவலர் சிலருக்கு ஓர் ஆணை போதும்! முபாரக் அணைத்தார், ஆயினும் பிப்ரவரி 11-இல் அவரே பதவியிழந்தார்.

எகிப்து எங்கோ இருக்கிறது என்கிறாயா? இங்கே பார்! தந்திச் சேவை 2013 சூலையில் இந்நாட்டில் மாண்டது. தந்திச் சட்டமோ மாளவில்லை! 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மடியிலேதான் 2017-இல் இணைய நிறுத்த விதிகள் பிறந்தன. 2019 ஆகஸ்டில் காஷ்மீர் இருளில் ஆழ்ந்தது. காலவரையின்றி இணையத்தை நிறுத்தல் ஆகாது, ஆணைகளை வெளியிடவேண்டும் என்று 2020 சனவரியில் உச்சநீதிமன்றம் உரைத்தது. அதன் பின்னும் ஓராண்டுக்கு மேல் கடந்து, 2021 பிப்ரவரியில்தான் அங்கே விரைவு இணையம் முழுமையாகத் திரும்பியது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றினார்கள். பழைய பெட்டியை மாற்றினார்கள். பழைய சாவியைப் புதிய பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்!

"வதந்தி பரவுமே! கலவரம் மூளுமே!" என்கிறார்கள். வதந்தியின் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால், வதந்தி வாய்வழியாகவும் பரவும். அதனை மறுக்கும் உண்மைக்குக் கம்பி வேண்டாமா? கம்பியை அறுத்தால் பொய்யனின் வாயோடு மெய்யனின் வாயும் அடைபடுகிறது. மருத்துவரை நாடும் தாய், கூலியைக் கைப்பேசியில் பெறும் உழைப்பாளி, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மாணவன், இவர்கள் செய்த குற்றம் என்ன? ஒரு வீட்டில் திருடன் நுழைந்தான் என்பதற்காக ஊர்க் கிணறுகளையெல்லாம் தூர்ப்பாரும் உண்டோ?

அறிஞர்கள் அரசனில்லாத அரங்கம் அமைத்தது பாதிப் பணி. அதனைப் பூட்டவிடாமல் காப்பது மறுபாதி. அது நம் பணி. உன் ஊரில் இணையம் அணைந்தால், கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து படுத்துவிடாதே. ஆணை எங்கே? காரணம் என்ன? எத்தனை நாள்? மறு ஆய்வு செய்தது யார்? இந்த நான்கு கேள்விகளையும் தெருமுனைக் கூட்டத்திலே கேள். மனுவாக எழுதிக் கேள். மன்றத்தில் அமர்ந்துள்ள நம்மவரைக் கேட்கச் சொல். ஆள்வோர் நம்மவராகவே இருந்தாலும் கேள்! சாவி நம்மவர் கையில் இருக்கும்போது பூட்டைப் புகழ்ந்துவிட்டு, கை மாறியபின் கதறுவதில் பொருளில்லை.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நின்ற மக்களின் காலம் முடிந்ததாக எண்ணியிருக்கிறோம். முடிந்துவிட்டதா இல்லையா என்பதை, நீ கேட்கப்போகும் கேள்விதான் முடிவு செய்யும். கேள், தோழா!