விழிஞ்ஞத்தைத் தோல்வி என்று சொல்லாதீர்கள்



கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி யாராவது பேச்செடுத்தால், "அதெல்லாம் விழிஞ்ஞத்தில் செய்து பார்த்துத் தோற்றுப்போன விஷயம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நன்றாகப் படித்தவர்களே அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

விழிஞ்ஞம் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நம் குமரி மாவட்ட எல்லைக்கு அருகில் இருக்கிறது. இன்று பெரிய கப்பல்கள் வரும் துறைமுகம். அன்று மீன்பிடித் துறைமுகம். 1991-இல் அங்கே அலைத்தடுப்புச் சுவருக்கு அருகில், சுமார் 10 மீட்டர் ஆழத்தில், ஒரு பெரிய கான்கிரீட் பெட்டியை உட்கார வைத்து மின்சாரம் எடுத்தார்கள். செய்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி. பொறியாளர்கள். நிலையத்தின் திறன் 150 கிலோவாட்.

அது வேலை செய்யும் விதம் எளிது. கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் கீழ்ப்பகுதி கடலுக்குத் திறந்திருக்கும். அலை உள்ளே ஏறினால் மேலே இருக்கும் காற்று ஒரு துவாரம் வழியாக வெளியே தள்ளப்படும். அலை இறங்கினால் காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தத் துவாரத்தில்தான் டர்பைன். காற்று போனாலும் வந்தாலும் ஒரே பக்கமாகச் சுற்றும் டர்பைனை 1970-களில் பெல்பாஸ்ட் நகரப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் உருவாக்கினார். சுழலும் பாகம் எதுவும் தண்ணீருக்குள் இல்லை என்பது இந்த முறையின் பெரிய நன்மை.

சிரமங்களும் உண்டு, மறைக்கவில்லை. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும். உயரம் பாதியானால் சக்தி கால்வாசிதான். ஆடி மாதக் கடலும் மாசி மாதக் கடலும் ஒன்றல்ல. ஆக, உற்பத்தி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். விழிஞ்ஞம் நிலையம் 2011-இல் மூடப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தினர் அந்த அலை மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கிக் காட்டிவிட்டார்கள். அதன் அளவு நாளொன்றுக்கு 10,000 லிட்டர். இதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

கடலில் அடிபட்டது நாம் மட்டுமல்ல. நார்வேயில் 1985-இல் கரைப்பாறையில் அமைத்த நிலையத்தை 1988-இல் ஒரு புயல் அழித்துவிட்டது. ஸ்காட்லாந்தில் கரையோரக் கடலடியில் பெரிய மடிப்புக் கதவு போன்ற 'ஆய்ஸ்டர்' கருவியை 2009-இல் நிறுவினார்கள். 2015-இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது.

இப்போது காற்றாலையைப் பாருங்கள். 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் அரசு முதன்முதலில் காற்றாலைகளை நிறுவியபோது ஒவ்வொன்றின் திறனும் 55 கிலோவாட் அளவில்தான் இருந்தது. விழிஞ்ஞத்தின் 150 கிலோவாட்டை விடக் குறைவு! அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்று முப்பந்தல் இல்லை, தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறனும் இல்லை. காற்றாலையில் ஒன்றுக்குப் பின் இன்னொன்று வைத்தோம். அலையில் ஒன்றோடு விட்டுவிட்டோம். கடல் காற்றைவிட முரடு, செலவும் அதிகம் என்பது உண்மைதான். அதனால் அலை மின்சாரம் காற்றாலை அளவுக்கு வளர்ந்திருக்கும் என்று நான் வாதாடவில்லை. இரண்டாவது ஒன்றைச் செய்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்லக்கூடாது என்கிறேன்.

அந்த இரண்டாவது எப்படி இருக்க வேண்டும்? ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் முட்ரிக்கு என்ற சிறு துறைமுகம் வழி காட்டுகிறது. அங்கே படகுகளைக் காக்க எப்படியும் ஒரு தடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுவருக்குள்ளேயே காற்றறைகளை வைத்து 16 டர்பைன்களைப் பொருத்தினார்கள். மொத்தம் 296 கிலோவாட். 2011-இல், அதாவது விழிஞ்ஞத்தை நாம் மூடிய அதே ஆண்டில், அது திறக்கப்பட்டது. சுவரின் செலவு துறைமுகத்தின் கணக்கு. மின்சாரத்துக்கு ஆகும் கூடுதல் செலவு மட்டும் தனி. பழுது பார்க்கப் படகும் வேண்டாம், சுவர் மேல் நடந்து போகலாம்.

நம் கடற்கரையிலும் தூண்டில் வளைவுகளும் மீன்பிடித் துறைமுகச் சுவர்களும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். இனி குமரி மேற்குக் கரையில் கட்டப்போகும் ஒரே ஒரு சுவரிலாவது இரண்டு மூன்று காற்றறைகளைச் சேர்த்துக் கட்டிப் பார்க்கலாமே!

ஆனால் மின்சாரத்துக்காக என்று புதிதாக ஒரு சுவரும் கட்டக்கூடாது. ஓர் ஊரில் கல்லைக் கொட்டினால் பக்கத்து ஊரில் மணல் போகிறது, கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. இது கடற்கரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது, எங்கே வைக்கக்கூடாது என்பதை மீனவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். வரைபடம் முடிந்த பிறகு கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்குவது கேட்பதாகாது.

"சோலார்தான் மலிவாக இருக்கிறதே, இது எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மின்வாரியத்துக்கு யூனிட் கணக்கில் விற்பதென்றால் சோலாரோடு இது போட்டி போட முடியாது. ஆனால் மேற்குக் கரையில் அலை உச்சத்தில் இருப்பது மழை மூட்டமான தென்மேற்குப் பருவத்தில். சோலார் குறையும் நாட்களில் அலை கூடும். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஐஸுக்குத் தேவை குறைவாக இருக்கலாம். குடிநீருக்குத் தடைக்காலம் கிடையாது. தண்ணீரைத் தொட்டியில் சேர்த்தும் வைக்கலாம். ஒரு மீனவக் கிராமத்துக்கு நாளும் சில ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் கிடைத்தால், அதன் மதிப்பை யூனிட் விலையை வைத்து அளக்க முடியாது.

என் மாணவர்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், மின்வாரியத்திலும் பொதுப்பணித் துறையிலும் இருக்கிறீர்கள், கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். நான் சொன்னது நடக்குமா, நடக்காதா? நடக்காதென்றால் எங்கே இடிக்கிறது? ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று தலையாட்டாமல், கணக்கோடு கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்