வெள்ளம் கேட்கும் விளவங்கோடு

பாறசாலையில் ஒருவர் வெள்ளம் வேண்டும் என்று கேட்டால் சென்னையிலிருந்து போனவர் மிரண்டுபோகலாம். மலையாளத்தில் அது வெறும் தண்ணீர். எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு வந்தாலும் குமரித் தமிழில் அதே வெள்ளம்தான். நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் இரண்டு மொழியும் புழங்குகிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. வெள்ளத்துக்குத்தான் எல்லை இருக்கிறது.

நெய்யாறு பாசனத் திட்டம் உருவானபோது இரு பக்கமும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. இடதுகரைக் கால்வாயின் பாசனத்தில் விளவங்கோடு வட்டமும் சேர்க்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. எல்லையை மொழி பார்த்துப் போட்டார்கள். கால்வாயையோ நிலத்தின் சரிவு பார்த்துத்தானே வெட்ட முடியும்?

ஆனாலும் பல ஆண்டுகள் தண்ணீர் வந்தது. விளவங்கோடு பக்கம் 9,200 ஏக்கர் இதை நம்பியிருந்தது. 2004இல் கேரளம் நிறுத்தியது. நெய்யாறு அகத்தியமலையில் பிறந்து பூவாறு அருகே கடலில் சேரும் கேரள நதி, மாநிலங்களுக்கு இடைப்பட்ட நதியே அல்ல, தண்ணீர் வேண்டுமானால் புதிய ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதன் வாதம். ஒரே ராஜ்யமாக இருந்தபோது ஏற்பட்ட உரிமை எல்லைக்கோட்டால் அழியாது என்பது தமிழகத்தின் பதில். 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றம் போனது.

விளவங்கோட்டில் நெல்வயல் சுருங்கியதற்குக் கால்வாய் மட்டுமே காரணமல்ல. ரப்பரும் வாழையும் வீட்டுமனையும் தங்கள் பங்கைச் செய்தன. ஆனால் தண்ணீர் வராத வாய்க்காலை யாரும் தூர்வாருவதில்லை. உரிமை இன்னாருக்கு என்று நீதிமன்றம் சொல்லிவிடலாம். மதகை எந்த வாரம் திறப்பது, வழியில் கசிவது எவ்வளவு, வறட்சி வந்தால் யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பதை இரு மாநிலப் பொறியாளர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு அவர்களைப் பழக்கியிருக்கிறோமா?

உலகில் 300க்கும் மேற்பட்ட ஆற்றுப் படுகைகள் நாடுகளுக்கு இடையே பங்கிடப்பட்டவை. அவற்றுக்காக ஆட்களைத் தயார் செய்வதே ஒரு தனிப் படிப்பாகிவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர நீர்க்கல்வி நிறுவனத்தில் நீர் ராஜதந்திரம் கற்பிக்கிறார்கள். மீகாங் நதி ஆணையம் தன் நான்கு உறுப்பு நாடுகளின் இளம் அதிகாரிகளைச் சேர்த்துப் பயிற்சி தந்திருக்கிறது. இத்தகைய வகுப்புகளில் வழக்கமான பாடம் ஒன்று உண்டு: எதிர்த்தரப்பின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் வழக்கைப் பேசுவது. கேரளப் பொறியாளர் கடைமடை விவசாயிக்காக வாதாட வேண்டும். தமிழகப் பொறியாளர் 2017 வறட்சியை நினைக்க வேண்டும். திருவனந்தபுரத்தின் குடிநீருக்காக நெய்யாற்று நீரை அருவிக்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த ஆண்டு அது.

பயிற்சி அரசியலை வென்றுவிடும் என்று நம்ப வேண்டாம். 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் ஆளுக்கோர் ஆணையரை, அதுவும் பொதுவாகப் பொறியாளரையே, நியமிக்கச் சொன்னது. 1965, 1971 போர்களைத் தாண்டி நின்ற அந்த ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. ஆனால் பக்கத்திலேயே வேறொரு உதாரணம் இருக்கிறது. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும். கணக்கைப் பார்க்க இரு மாநிலப் பொறியாளர்களின் கூட்டு வாரியம் இருக்கிறது. அங்கேயும் சண்டை உண்டு, ஆனால் சண்டை போட ஒரு மேஜை இருக்கிறது.

நெய்யாற்றுக்கு அதுகூட இல்லை. திருச்சி துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம், கோழிக்கோட்டில் நீர்வள மேம்பாட்டு மையம், புனேயில் மத்திய அரசின் தேசிய நீர் அகாதமி என்று கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. இரு மாநிலத்திலிருந்தும் பத்துப் பத்து இளம் பொறியாளர்களை ஒரே வகுப்பில் சேர்ப்பது பெரிய செலவும் இல்லை. வழக்கு நடக்கிறதே என்பது சாக்குதான். முதல் பாடத்துக்கு வகுப்பறையே வேண்டாம். அணையிலிருந்து விளவங்கோடு வரை கால்வாய்க் கரையில் சேர்ந்து நடந்து, எத்தனை மதகு பழுது, எங்கே தூர்ந்திருக்கிறது என்று ஒரே நோட்டில் எழுதிக்கொண்டு வரலாம். வழியில் தாகம் எடுத்தால் வெள்ளம் என்று கேட்டால் போதும்.