பிள்ளைக்கு முதலில் யார் சொல்வது?

“ஊர்த் தெரு வந்தா சைக்கிள வுட்டு எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ.” “அவங்க வூட்டு வாசல்ல நின்னு தண்ணி கேக்காத. தாகமா இருந்தா வூட்டுக்கு ஓடியாந்துடு.” “வாத்தியார் அடிச்சாலும் எதுத்துப் பேசாத.” “அந்தப் பொண்ணு தானா வந்து பேசுனாலும் நீ ஒதுங்கிப் போ. உன்ன மட்டும் அடிக்க மாட்டானுங்க, தெருவையே கொளுத்திடுவானுங்க.”

திண்டிவனம் பக்கம் இருக்கிற எங்கள் சேரியில் நான் கேட்டு வளர்ந்த பாடங்கள் இவை. சாயங்காலம் குழாயடியிலும், நடவு முடிந்து வரப்பில் திரும்பும்போதும், நூறு நாள் வேலையில் மண்வெட்டியை வைத்துவிட்டு மரத்தடியில் உட்காரும்போதும் எங்கள் அம்மாக்களும் ஆயாக்களும் அத்தைகளும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள். பால் மறக்காத பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவு, சளி கட்டினால் ஓமவல்லிச் சாறு கொடு, கணக்கு வராத பிள்ளையை மேலத்தெரு அக்காவிடம் அனுப்பு என்று ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்கிறாள். அந்தப் பேச்சுக்கு நடுவிலேதான் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்வதும் வருகிறது. வேப்பெண்ணெய்க்கும் அதற்கும் இடையில் குரல் மாறுவதில்லை. இரண்டுமே பிள்ளை பிழைத்துக் கிடப்பதற்கான கைவைத்தியம்.

பத்திரிகைகளும் குழந்தை வளர்ப்புக்கென்று பக்கம் ஒதுக்குகின்றன. அங்கே வருகிற குழந்தைக்குச் சாதி கிடையாது. ‘குழந்தை’ என்று பொதுவாக எழுதும்போதே அது யார் வீட்டுக் குழந்தை என்பது முடிவாகிவிடுகிறது. தைரியமாகப் பேசப் பழக்குங்கள், கேள்வி கேட்க விடுங்கள் என்று புத்தி சொல்கிறார்கள். நம் பிள்ளை கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை.

நம் பெண்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். 1995இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் சிறுமிக்குக் கண் போனது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி ஒரு சாதி கடந்த திருமணத்தைக் காரணம் காட்டி எரிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை ஆதிக்க சாதிப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தனக்கு நடந்த கொடுமையை அவன் பள்ளியில் சொன்னான் என்பதுதான் அதற்கு முன் நடந்தது. இதையெல்லாம் டி.வி.யில் பார்த்த ஒரு தாய் “அடங்கிப் போ” என்று சொன்னால் அதைக் கோழைத்தனம் என்று நம்முடைய கூட்டங்களில் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அவளுக்குப் பிள்ளை உயிரோடு வேண்டும்.

ஆனால் இந்தப் பாடத்தில் ஒன்று எப்போதும் விட்டுப்போகிறது. ‘ஏன்’ என்பது. “ஏம்மா எறங்கணும்?” என்றால் “அது அப்பிடித்தான்” என்பதே பதில். காரணம் சொல்லாத தடையைப் பிள்ளை தன்னுடைய குற்றமாக எடுத்துக்கொள்கிறது. நான் மூன்றாவது படிக்கும்போது ஊர்ப் பையன் ஒருவன் வீட்டில் மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் கையில் ஊற்றினார்கள். என் கை அழுக்காக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். வன்கொடுமை என்று சட்டப் புத்தகத்தில் படிக்கிறோமே, அது முதலில் இப்படித்தான் உள்ளே இறங்குகிறது. சாதி இந்துவின் சட்டத்தை நம்முடைய அம்மாவே, அன்பாக, தலையைக் கோதிவிட்டுக்கொண்டே நமக்குள் எழுதிவிடுகிறாள்.

அம்மாக்களைச் சொல்கிறேனே, என் யோக்கியதை என்ன? நான் வங்கியில் எழுத்தர். ஜூன், ஜூலையில் கல்வி உதவித்தொகைக்காகப் பிள்ளைகள் பெயரில் கணக்குத் தொடங்க அம்மாக்கள் வருவார்கள். படிவத்தில் என்ன வகுப்பு என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. போன வருஷம் அப்படி ஒரு நாள், கூட்ட நேரம், தலையைத் தூக்காமலே “என்ன கம்யூனிட்டி?” என்று சத்தமாகக் கேட்டேன். அந்த அம்மா குனிந்து, கண்ணாடித் துவாரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “எஸ்.சி.ங்க சார்” என்றது. கூட நின்ற பையனுக்கு ஏழெட்டு வயசிருக்கும். “அப்பிடின்னா இன்னாம்மா?” என்றான். “சும்மா இரு” என்று தொடையில் கிள்ளியது. வரிசையே திரும்பிப் பார்த்தது. “நாங்களும் அதுதாம்மா” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வரிசையில் எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் நின்றிருந்தார். வீடு பார்க்கப் போன அன்று அவர் “நீங்க எந்தப் பக்கம், என்ன ஆளுங்க?” என்று கேட்டதற்கு ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி மழுப்பியவன் நான்.

அதே வீட்டில் என் மகள் ஒரு நாள் வந்து கேட்டாள். “கீழ் வீட்டு ஆயா நாம என்ன ஆளுங்கன்னு கேக்குறாங்கப்பா. என்னா சொல்லணும்?” அவளுக்கு ஆறு வயசு. “தெரியாதுன்னு சொல்லிடு” என்றேன். மேடையில் ஏறி நிமிர்ந்து நில் என்று கவிதை வாசிக்கிறவன் பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த ஆலோசனை இது. சேரித் தாய் எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது என்பதையாவது பிள்ளைக்குக் காட்டுகிறாள். படித்து, வேலைக்கு வந்து, டவுனில் வாடகைக்கு இருக்கிற நாம் அதையும் மறைத்துவிடுகிறோம்.

மறைப்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். பள்ளியில் ஏறக்குறைய 400 பிள்ளைகள், பத்துப் பேர் தவிர மற்றவரெல்லாம் பார்ப்பனர். பழகினால் சாதியும் குடும்பமும் தெரிந்துவிடுமே என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே இருந்துவிட்டு வகுப்புக்குள் போவாராம். விட்டதும் யாரும் தன்னைப் பிடிக்க முடியாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவாராம். பின்னாளில் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவருக்குச் சிறுவயதில் இதுதான் கதி. அம்பேத்கரோ மறைக்கவில்லை. 1901இல் அப்பாவைப் பார்க்க அண்ணன், அக்கா பிள்ளைகளோடு ரயிலில் போன ஒன்பது வயசுப் பையன், ஸ்டேஷன் மாஸ்டர் யார் நீங்கள் என்று கேட்டதும் யோசிக்காமல் மகர் என்று சொல்லிவிட்டான். மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலிக்கு ஒருத்தன் ஒத்துக்கொண்டாலும், கையில் சோறு இருந்தும் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தார்கள்.

மறைத்த பிள்ளையும் தப்பவில்லை, சொன்ன பிள்ளையும் தப்பவில்லை. இரண்டு பேரும் துணைக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாமல் ஊரை எதிர்கொண்டார்கள். ஆகவே, சொல்வதா மறைப்பதா என்று மட்டும் கேட்டு நின்றுவிட்டால் நாம் பாதிதான் கேட்கிறோம். பிள்ளைக்கு முதலில் யார் சொல்வது, சொன்ன பிறகு அதன் பின்னால் யார் நிற்பது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதைக் குழாயடியில் கேட்டுப் பார்த்தேன். பெரியம்மா ஒருவர் அடித்துச் சொன்னார்: “பிஞ்சு மனசுல ஏன்டா நஞ்ச வெக்கற? வளர வளரத் தானா தெரிஞ்சிக்கும்.” அங்கன்வாடியில் வேலை செய்கிற அத்தை விடவில்லை. “தானா எப்பிடிக்கா தெரியும்? எவனாவது ஒருத்தன் கேவலமாச் சொல்லித்தான் தெரியும். அதுக்கு மின்ன நாம சொல்லிடணும்.”

அத்தை சொன்னது எனக்குச் சரியென்று படுகிறது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்ன வீடியோவை எல்லோரும் பார்த்தோம். பிள்ளைகளுக்கு என்னவென்றே புரியவில்லை. வழக்குப் போட்டார்கள், கைது செய்தார்கள், சரி. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சாதி என்றால் என்ன என்பதை மிட்டாய்க் கடை சொல்லிக்கொடுத்துவிட்டது. ஊர் சொன்னால் அவமானமாகச் சொல்லும். நாம் சொன்னால் அநியாயம் என்று சொல்வோம். பிள்ளைக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

அத்தை தன் மகளுக்கு எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். “நம்மள அவங்க தள்ளி வெச்சிருக்காங்க. தப்பு அவங்களுது, உன்னுது இல்ல. யாராவது அப்பிடிப் பேசுனா மறைக்காத, எங்கிட்ட வந்து சொல்லுன்னேன்.” ஒரு நாள் அந்தப் பிள்ளை வந்து சொல்லியிருக்கிறது: பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவக் காலனிப் பிள்ளைகளை மட்டும் அனுப்புகிறார்கள் என்று. அத்தை தனியாகப் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து மனு எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். கத்தவில்லை, எழுத்தில் பதில் கேட்டார்கள். மறுநாளிலிருந்து அது நின்றது. ஆனால் இரண்டு டீச்சர்கள் அந்தப் பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். “அதுக்கும் சேத்துத்தான் நிக்கணும்” என்றார் அத்தை.

அங்கேயே இன்னொரு பேச்சும் வந்தது. ஆண்கள் நாம் காது கொடுக்க வேண்டிய பேச்சு. “ஊர்ல வாங்கற திட்டையெல்லாம் வூட்ல வந்து புள்ள முதுவுலதான் எறக்குறாரு” என்றது ஒரு தங்கச்சி. ஊர் நம்மைப் பார்த்து ‘அடங்கு’ என்றால் கொதிக்கிறோம். வீட்டில் பெண் பிள்ளையைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்ல நமக்கு நாக்கு கூசுவதில்லை. 1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசியது அரசியல் பேச்சு மட்டுமல்ல. பிள்ளைகளைப் படிக்க வைப்பது, அவர்களுக்குப் பெரிய ஆசைகளை ஊட்டுவது, தாழ்வு மனப்பான்மையைப் போக்குவது, கல்யாணத்துக்கு அவசரப்படாமல் இருப்பது, புருஷனுக்கு அடிமையாக இல்லாமல் சிநேகிதியாக நிற்பது என்று வீட்டைப் பற்றித்தான் பேசினார். நாம் அவர் படத்தை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே பெல்ட்டை உருவுகிறோம்.

சரி, புத்திமதி நமக்கு மட்டும்தானா? நாங்குநேரியில் அரிவாள் எடுத்த பிள்ளைகளும் யாரோ வளர்த்த பிள்ளைகள்தான். அந்த வீடுகளில் சாயங்காலம் என்ன பேசிக்கொள்கிறார்கள்? அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது என்று நல்ல பரிந்துரைகள் பல அதில் உள்ளன. பள்ளி வாசலில் கயிற்றை அறுக்கலாம். வீட்டில் கட்டிவிடுகிற கையை என்ன செய்வது? பிள்ளை வளர்ப்புப் பக்கங்களை நடத்துகிறவர்கள் முதலில் அந்த வீடுகளுக்கு எழுதட்டும்.

நம் இயக்கத்தோழர்களும் மாணவர்களும் செய்ய நிறைய இருக்கிறது. மாலை வகுப்பு நடத்துகிறோம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மாதம் ஒரு நாளாவது அம்மாக்களையும் அப்பாக்களையும் உட்காரவைத்துப் பேசக் கூடாதா? பேச வேண்டாம், முதலில் கேட்போம். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாகப் படிக்காதீர்கள் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்ல நாலு பேர் வேண்டும். சுகாதாரக் குறைவான தொழில் செய்வோரின் பிள்ளைகள் யாரென்று நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டால் எந்தப் பிள்ளை கை தூக்கும்? நாலு பேர் பார்க்கச் சாதியைச் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது குழாயடியில் ஓமவல்லியைப் போலப் பேசப்பட வேண்டும். ஒரு பிள்ளைக்காக ஒரு தாய் பள்ளிக்கூடம் போனால் அவள் சண்டைக்காரி. ஒரு தெருவே போனால் அது கோரிக்கை.

நான் என் மகளிடம் சொல்லிவிட்டேன். நாம் பறையர், நம்மைத் தாழ்வென்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது பொய், அந்தப் பொய்யை எதிர்த்து நம் தாத்தா காலத்திலிருந்து சண்டை போடுகிறோம் என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப ஏம்ப்பா தெரியாதுன்னு சொல்லச் சொன்ன?” என்றாள். “பயமா இருந்திச்சும்மா” என்றேன். வீட்டுக்காரர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வோம், காலி செய்யச் சொன்னால் வேறு வீடு தேடுவோம். கவுன்டரில் இப்போதெல்லாம் படிவத்தைத் திருப்பி வைத்து அந்தக் கட்டத்தை விரலால் காட்டுகிறேன். எஸ்.சி. என்று யாராவது குரலைத் தாழ்த்தினால், “நாங்களும் அதுதாம்மா” என்று தாழ்த்தாமல் சொல்கிறேன். பெரிய புரட்சியொன்றும் இல்லை. கூட நிற்கிற பிள்ளைக்குக் கேட்டால் போதும்.

உங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறீர்கள்? எழுதுங்கள் தோழர்களே. இந்தப் பேச்சைத் தொடருவோம்.